பல்லாண்டு வெங்காயப் புதர் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போவது ஏன்?

ஈரமண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘நடக்கும் வெங்காயம்’ என்ற பெயரில் ஒரு தொட்டிச் செடியை வாங்கி, வீட்டுத் தோட்டத்து மேட்டுப்பாத்தியின் மூலையில் நட்டேன். அப்போது அதில் மூன்று தண்டுகளே இருந்தன. ஒவ்வொரு தாளும் சுண்டுவிரல் பருமன் இருந்தது. இப்போது எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட தண்டுகள் நெருக்கியடித்து நிற்கின்றன; ஆனால் எல்லாமே ஈர்க்குச்சியைவிடச் சற்றுப் பருத்தவை, அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டில் இரண்டு பூத்தண்டுகள் வந்து, உருண்டையாக வெளிர்நிறப் பூக்கள் பூத்து உதிர்ந்தன. தண்டின் உச்சியில் குட்டி வெங்காயங்கள் தோன்றும், அவற்றின் பாரத்தால் தண்டு சாய்ந்து, சாய்ந்த இடத்தில் வேர்விட்டு, செடி ‘நடந்து’ போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இதுவரை ஓர் அடிகூட அது நடக்கவில்லை. மண்ணில் சத்து போதவில்லையா, நோயா, அல்லது இந்தச் செடியின் ஆயுளே இவ்வளவுதானா? பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா என்று தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

தாளும்வேரும் எழுதியது:

வணக்கம். தாங்கள் சொல்வதைப் பார்த்தால், அது நடக்கும் வெங்காயமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. நடக்கும் வெங்காயம், நாம் எல்லோரும் அறிந்த சமையல் வெங்காயமான அல்லியம் சீபாவும் கொத்து வெங்காயமான அல்லியம் ஃபிஸ்டுலோசமும் கலந்து உருவான கலப்பினம். அதன் பூத்தண்டின் உச்சியில் பூக்களுக்குப் பதிலாகவோ, பூக்களுக்கு நடுவிலோ குட்டிக் குமிழ்கள் திரளும். முழு உருண்டையாகப் பூத்து, ஒரு குமிழ்கூடக் காணவில்லை என்றால், தங்களிடம் இருப்பது பெரும்பாலும் கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்றான கொத்து வெங்காயம்தான். ஆங்கிலேயர் இதை ‘வெல்ஷ் வெங்காயம்’ என்பார்கள். வேல்ஸ் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ‘அயலது’ என்பது. செடியின் பூர்விகம் சீனப் பக்கம். ‘எகிப்திய வெங்காயம்’ என்று நடக்கும் வெங்காயத்துக்கு வந்த பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். வெங்காயக் குடும்பத்தில் பெயரை நம்பிச் செடி வாங்குவது சிரமம்.

உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. இளந்தாள் ஒன்றைக் குறுக்கே வெட்டி, அதன் வாயைப் பாருங்கள். கொத்து வெங்காயத்தின் தாள் குழாயைப் போல வட்டமாக இருக்கும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் ஆகியவற்றின் தாளில் உட்புறம், அதாவது செடியின் நடுவை நோக்கிய பக்கம், சற்றுத் தட்டையாக இருக்கும். இரண்டும் உள்ளீடற்றவைதான். தாள் தட்டையாகவும் உள்ளீடு நிறைந்தும், நசுக்கினால் பூண்டு வாடையும் வந்தால், அது பூண்டு சைவ்ஸ் என்ற வேறொரு செடி. பெயர் தெரிந்தால்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

பழைய மண்வெட்டி எழுதியது:

பெயர் எதுவாக இருந்தாலும், மெலிவுக்குக் காரணம் முதல் பதிவிலேயே இருக்கிறது: மூன்று தண்டு நின்ற குழியில் நாற்பது தண்டு நிற்கிறது. அதை யாரும் பிரிக்கவில்லை.

பல்லாண்டுச் செடி என்றவுடன், ஒருமுறை நட்டால் மாமரம் போலத் தானே நிலைத்து நிற்கும் என்று எண்ணிவிடுகிறோம். வெங்காயத்தில் அப்படி இல்லை. தனித்தனித் தண்டாகப் பார்த்தால் எதுவும் நெடுநாள் வாழ்வதில்லை. ஒரு தண்டு வளர்ந்து, பக்கத்தில் ஒன்றிரண்டு கன்றுகளை ஈன்று, பூவெடுத்தால் அத்தோடு முடிந்துவிடும். வளர்நுனியே பூவாக மாறிவிடுவதால் அந்தத் தண்டுக்கு மேலே போக வழியில்லை. அதன் பக்கமொட்டுதான் அடுத்த செடி. நீங்கள் இப்போது பார்க்கும் நாற்பதில், மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட தண்டு ஒன்றுகூட இருக்காது என்பது என் ஊகம். நிலைப்பது புதர், அதில் இருப்பவை மாறிக்கொண்டே இருக்கும். வாரிசுகளுக்கு இடம் கொடுக்காவிட்டால், எல்லாம் பிழைக்கும், ஆனால் ஒன்றும் தேறாது.

வெங்காய வேரைப் பார்த்திருப்பீர்கள். சல்லிவேர், கிளைப்பது மிகக் குறைவு, வேர்த்தூவிகளும் இல்லையென்றே சொல்லலாம். பெரும்பகுதி மேல்மண் 30 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். தொலைவில் இருக்கும் சத்தைத் தேடிப் போகும் வலிமை அதற்கு இல்லை. நாற்பது தண்டின் வேரும் ஒரு கைப்பிடி மண்ணையே சுரண்டுகின்றன. இதில் எருவைக் கொட்டினாலும் பயன் சிறிதுதான்.

சாரல் எழுதியது:

நெருக்கம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேறொன்றையும் சோதிக்காமல் பிரித்து நடுவது ஆபத்து. குமிழிலிருந்தோ கன்றிலிருந்தோ மட்டுமே பெருக்கப்படும் செடிகளில் வைரஸ் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வரும். வெங்காய மஞ்சள் குட்டை வைரஸ் அப்படிப்பட்டது. அசுவினிகள் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும். தாளில் நெடுக்கே மஞ்சள் கோடுகள், தாள் தட்டையாகி நெளிவது, துவண்டு தொங்குவது, செடி மொத்தமும் குட்டையாவது ஆகியவை அறிகுறிகள். பட்ட செடியை மீட்க மருந்து கிடையாது. அப்படியொரு புதரைப் பத்தாகப் பிரித்து நடுவது, ஒரு நோயாளியைப் பத்து நோயாளிகள் ஆக்குவதுதான்.

நானே அதைச் செய்திருக்கிறேன். சின்ன வெங்காயத்தைப் போலப் பிரியும் ஒரு வகையை ஆண்டுதோறும் என் பாத்தியிலிருந்தே விதைக்காய் எடுத்து நட்டுவந்தேன். பெரிய காய்களை எல்லாம் சமையலுக்கு எடுத்துவிட்டு, பொடிக்காய்களை விதைக்கு ஒதுக்கினேன். நோயுற்ற செடியில்தான் காய் பொடியாகும் என்பதால், அறியாமலேயே ஆண்டுதோறும் நோயைத் தேர்ந்தெடுத்து நட்டிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டில் பாத்தியையே கைவிட நேர்ந்தது.

ஈரமண் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தாளை வெட்டிப் பார்த்தேன், சந்தேகமில்லாமல் வட்டம். ஆக, மூன்று ஆண்டுகளாக நடக்காத ஒன்றை நடக்கச் சொல்லிக் காத்திருந்திருக்கிறேன்.

மஞ்சள் கோடுகள் எதுவும் இல்லை. ஆனால் தாள்களின் மேல் வெள்ளி பூசியது போலச் சிறு சிறு தீற்றல்களும், அவற்றின் நடுவே கரும்புள்ளிகளும் உண்டு. வெயில் காலத்தில் கூடுகிறது. நல்ல மழைக்குப் பின் குறைகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் புதர் முழுவதையும் மண்ணை ஒட்டி வெட்டிவிடுவேன். வெட்ட வெட்டத் தழைக்கும் என்று எங்கோ படித்த நினைவு.

மேட்டுப்பாத்தி எழுதியது:

வெள்ளித் தீற்றல் இலைப்பேனின் வேலை. அது தாளைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். உயிரணுக்களில் காற்று புகுந்துவிடுவதால் அந்த இடம் வெள்ளியாகத் தெரியும். கரும்புள்ளிகள் அதன் கழிவு. நடுத்தாள்கள் கிளம்பும் கவட்டில்தான் ஒளிந்திருக்கும் என்பதால், வெளித்தாளின் மேல் எதைத் தெளித்தாலும் அதற்கு உறைக்காது. தண்ணீரைச் சற்று வேகமாக அந்தக் கவட்டுக்குள் பீய்ச்சுவதே முதல் மருந்து; மழைக்குப் பின் குறைகிறது என்று தாங்களே கண்டிருக்கிறீர்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். நெருக்கமான புதர் அதற்குக் கோட்டை மாதிரி. தழைச்சத்தை அள்ளிப் போட்டால், தாள் கொழுத்து மென்மையாகி, இலைப்பேனுக்கு இன்னும் வசதியாகிவிடும்.

ஆனால் இலைப்பேனைவிடப் பெரிய தீங்கு அந்தக் கத்தரிக்கோல். வெங்காயத்தாள் அடியிலிருந்து வளரும். வெட்டிய தாளும் சிறிது நீளும், நுனி மட்டும் மொட்டையாகவே நிற்கும். புல்லைப் போல இதுவும் வெட்ட வெட்டத் தழைக்கும் என்ற எண்ணம் இதனால்தான் வருகிறது. ஆனால் தாள் என்பது உணவு தயாரிக்கும் உறுப்பு. வாரந்தோறும் மொத்தத்தையும் அறுத்தால், அடுத்த தாளை எழுப்புவதற்கே கைச்சேமிப்பு கரைந்துவிடுகிறது. தண்டைப் பருக்கவைக்க எதுவும் மிச்சமில்லை. கொத்து வெங்காயத்துக்குப் பெரிய குமிழ் கிடையாது என்பதால் சேமிப்பும் சொற்பம்.

ஒரே நேரத்தில் புதரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெளிப்பக்கத்து முதிர்ந்த தாள்களை மட்டும், மண்ணுக்கு மேல் நான்கைந்து சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். நட்ட முதல் ஆண்டில் எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. நான் இரண்டு புதர்களை வைத்து, ஒன்றில் அறுக்கும்போது மற்றதை ஓய்வில் விடுகிறேன். என் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புரியவைக்கத்தான் செடியைவிட அதிகப் பாடுபட வேண்டியிருந்தது.

எறும்புவரிசை எழுதியது:

இழையின் போக்கை மாற்றுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கேள்வி இதை ஒட்டியதுதான். பனியே விழாத, ஆண்டு முழுவதும் வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் இந்த வகைகளில் எதை நம்பி நடலாம்? எனக்கு மண் நிலம் இல்லை, தொட்டிகள் மட்டுமே.

தாளும்வேரும் எழுதியது:

நடக்கும் வெங்காயத்தை விரும்பி வாங்கி ஏமாறாதீர்கள். அது செத்துவிடாது, ஆனால் வெங்காயத்துக்குப் பூத்தண்டு எழும்ப, ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசும் அதற்குக் குறைவுமான குளிர் பல வாரங்கள் வேண்டும். அந்தக் குளிர் இல்லாத இடத்தில் பூத்தண்டு அரிது. பூத்தண்டு இல்லையென்றால் உச்சியில் குமிழும் இல்லை, நடையும் இல்லை. வெறும் தாளுக்காக அதை வைத்திருப்பதில் பெரிய லாபமில்லை. ஊதாப் பூ பூக்கும் மெல்லிய சைவ்ஸும் குளிர்ச்சியை விரும்புவது. கடும் வெயிலில் சுருண்டுவிடும்.

வெப்பத்துக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, தட்டைத்தாள் கொண்ட பூண்டு சைவ்ஸ். வெள்ளைப் பூ பூக்கும், வெயிலைத் தாங்கும், தொட்டியிலும் பல ஆண்டுகள் நிற்கும். மற்றொன்று கொத்து வெங்காயம். இதற்குத் தாள் விட நீண்ட பகலோ குளிரோ தேவையில்லை. பூக்காமல் போகலாம், ஆனால் கன்று விட்டுக்கொண்டே இருக்கும்.

சின்ன வெங்காயத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறோம். ஒரு காயை நட்டால் நான்கைந்தாகப் பிரியும் அதுவும் இந்த இனந்தான். ஆனால் அதன் நிலைப்பு மண்ணுக்குள் இல்லை. தாள் சாய்ந்த பிறகும் ஈரமண்ணில் விட்டுவைத்தால் அழுகிவிடும். எடுத்து, நிழலில் உலர்த்தி, ஓய்வுகொடுத்து, மறுபடி நடுவதால்தான் அது தொடர்கிறது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. இப்படிப் பிரியும் வகைகளில் பெரிய காயை நட்டால் பல சிறு காய்களாகும். சிறு காயை நட்டால் ஒன்றிரண்டு பெரிய காய்களாகும். ஆகவே இரண்டு அளவிலும் விதைக்கு எடுத்துவைப்பதே முறை. திரு. சாரல் சொன்ன விபத்து பொடியை மட்டுமே எடுத்ததால் நேர்ந்தது.

தொட்டிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் போதும். அடியில் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். நீர் தேங்கிய தொட்டியில் எந்த வெங்காயமும் பிழைக்காது.

மேட்டுப்பாத்தி எழுதியது:

பூண்டு சைவ்ஸ் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூக்காத நிலையில் மழை லில்லியின் இலையும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மழை லில்லி நச்சுச் செடி. யாரோ கொடுத்த தொட்டி ஒன்றை நான் ஆறு மாதம் ‘சைவ்ஸ்’ என்றே நீரூற்றி வளர்த்தேன். ஒரு மழைக்குப் பின் இளஞ்சிவப்புப் பூ பூத்து உண்மையைச் சொன்னது. நல்லவேளையாக அதுவரை அறுவடை செய்யவில்லை. ஓர் இலையை நசுக்கி முகருங்கள். வெங்காயமோ பூண்டோ மணக்காவிட்டால் வாயில் வைக்காதீர்கள். வெங்காயம் நறுக்கிய கையோடு இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாமே வெங்காயமாகத்தான் மணக்கும்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தக் குடும்பச் செடிகள் எல்லாமே அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை.

பழைய மண்வெட்டி எழுதியது:

திரு. ஈரமண் அவர்களுக்கு மீண்டும் வருகிறேன். வைரஸ் அறிகுறி இல்லை என்பதால் பிரித்துவிடுங்கள். வெயில் தணிந்த, மண் ஈரமாக இருக்கும் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். பூத்தண்டு நிற்கும்போது மட்டும் வேண்டாம்.

முந்தைய நாள் நன்றாக நீர் பாய்ச்சிவிட்டு, புதரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மொத்தமாகப் பெயர்த்தெடுங்கள். தாளைப் பிடித்து இழுக்க வேண்டாம். அடித்தட்டிலிருந்து கழன்றால் அந்தத் தண்டு வீண். வேர் கிளம்புவது அந்தத் தட்டிலிருந்து மட்டுமே. வாளி நீரில் அமிழ்த்தி அலசினால் மண் கரைந்து, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது தெரியும். மூன்று நான்கு தண்டுகள் சேர்ந்த கொத்துகளாகக் கையாலேயே பிரியுங்கள். ஒற்றைத் தண்டாக நட்டாலும் பிழைக்கும். ஆனால் தேறுவதற்கு நாள் பிடிக்கும். தாளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். இழந்த வேருக்கு ஏற்ப நீர் வெளியேறுவதும் குறைய வேண்டும். அறுந்த வேரைப் பற்றிக் கவலை வேண்டாம். தட்டிலிருந்து புதுவேர் வரும்.

முன்பு நின்ற ஆழத்திலோ, ஒரு விரல் கூடுதலாகவோ, 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். மக்கிய தொழுவுரத்தை நடுவதற்கு முன்பே மண்ணோடு கலந்துவிடுங்கள்; மக்காத எருவின் பக்கமே போகாதீர்கள். மூடாக்கு நல்லது, ஆனால் தண்டின் கழுத்தைத் தொடாமல் தள்ளிப் போடுங்கள். இதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

சாரல் எழுதியது:

ஒரே ஒரு திருத்தம்: அதே குழியில் திரும்ப நடாதீர்கள். மற்ற காய்கறிகளுக்குப் பயிர்ச்சுழற்சி பற்றிப் பேசும் நாம், பல்லாண்டுச் செடி என்றால் அதை மறந்துவிடுகிறோம். மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற வெங்காயத்தின் அடியில் அழுகல் பூஞ்சைகள் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரிக்கும் நாளே இடம் மாற்றும் நாளாகவும் இருக்கட்டும்.

பெயர்த்தெடுத்ததும் அடித்தட்டைக் கூர்ந்து பாருங்கள். பழுப்பேறி மெத்தென்று இருந்தால் அடியழுகல். அந்தக் கொத்தை விலக்கிவிடுங்கள். பஞ்சு போன்ற வெண்பூஞ்சையும், அதன் நடுவே கசகசா அளவில் கரிய மணிகளும் தெரிந்தால் அது வெள்ளையழுகல். குளிர்ந்த மண்ணில் வரும். அந்த மணிகள் 20 ஆண்டுகள்கூட மண்ணில் உறங்கிக் கிடந்து, வெங்காய வேரின் கந்தக வாடையை உணர்ந்ததும் விழிக்கும். அப்படி இருந்தால் செடியை மட்டுமல்ல, அந்தப் பாத்தியையும் வெங்காயத்துக்கு மறந்துவிட வேண்டும். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குள் இறக்கவும் கூடாது.

ஈரமண் எழுதியது:

நேற்றுப் பெயர்த்தெடுத்தேன். அலசிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: புதரின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உயிரே இல்லை. காய்ந்த சருகும் மக்கிய பழைய தட்டுகளும் அடைந்து கிடந்தன. உயிருள்ள தண்டுகள் எல்லாம் அதைச் சுற்றி வளையமாக நின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் நட்ட இடம் அதுதான். திரு. பழைய மண்வெட்டி சொன்ன வாரிசுக் கதையைக் கண்ணால் பார்த்தேன்.

கரிய மணிகள் இல்லை. இரண்டு கொத்துகளின் தட்டு மட்டும் மெத்தென்று பழுத்திருந்ததால் விலக்கிவிட்டேன். மீதியை மூன்று மூன்றாகப் பிரித்ததில் பதினொரு கொத்துகள் கிடைத்தன. வேறொரு பாத்தியில் இரண்டு வரிசையாக நட்டிருக்கிறேன். ஆறு கொத்துகளை மட்டும் அறுவடைக்கு வைத்துக்கொண்டு, ஐந்தைத் தொடாமல் விடுவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருக்கிறது. கத்தரிக்கோல் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. அடுத்து பூத்தண்டு வந்தால் கிள்ளிவிடுவதா, விட்டுவைப்பதா?

தாளும்வேரும் எழுதியது:

தாளுக்காக வளர்க்கும் கொத்தில் மொட்டு தெரிந்ததுமே அடியோடு கிள்ளிவிடுங்கள். அந்தத் தண்டு எப்படியும் முடிந்துவிட்டது, பக்கக்கன்றுகளுக்காவது சத்து மிஞ்சும். ஆனால் தொடாமல் விட்ட ஐந்தில் ஒன்றிரண்டைப் பூக்க விடுங்கள். தேனீக்கள் மொய்க்கும் என்பது ஒருபுறம் இருக்க, விதை கிடைக்கும் என்பது முக்கியம். திரு. சாரல் அஞ்சிய அந்த வைரஸ் பொதுவாக விதை வழியே தொடர்வதில்லை. அதனால் எப்போதாவது விதையிலிருந்து ஒரு புது வரிசையைத் தொடங்குவது, பழைய கணக்கை முடித்துப் புதுக்கணக்கு எழுதுவது போன்றது. நடக்கும் வெங்காயம் பெரும்பாலும் மலடு என்பதால் அதில் இந்த வழி இல்லை. தங்களுக்குத் தவறாக வந்த செடியில் இருக்கும் வசதி அது.

உச்சியில் உள்ள பைகள் வெடித்துக் கருவிதை தெரியத் தொடங்கியதும், பூந்தலையைத் துணிப்பைக்குள் அறுத்துப் போட்டு உலர்த்துங்கள். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டுக்குள் விதைத்துவிடுவது நல்லது.

ஈரமண் எழுதியது, ஐந்து மாதங்களுக்குப் பின்:

கேட்டவர்களுக்காக இந்த இழைக்குத் திரும்பியிருக்கிறேன். பதினொன்றில் ஒன்பது தேறிவிட்டன. இரண்டு, நட்ட மூன்றாம் வாரத்தில் வாடிப் போயின. வரிசையின் தாழ்ந்த முனையில் நீர் நின்றதே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. அங்கே மண் அணைத்து உயர்த்திவிட்டேன்.

அறுக்கும் கொத்துகளில் தாள் முன்பைவிட இருமடங்கு பருமன் வந்திருக்கிறது. தொடாத கொத்துகளில் சுண்டுவிரல் பருமன் திரும்பிவிட்டது; ஒவ்வொன்றிலும் ஐந்து, ஆறு தண்டுகள் நிற்கின்றன. இலைப்பேன் முற்றிலும் போகவில்லை, ஆனால் இடைவெளி இருப்பதால் கவட்டுக்குள் நீர் பீய்ச்ச முடிகிறது. பழைய குழியில் இப்போது அவரை ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒரு கொத்தில் மட்டும் நேற்று முதல் மொட்டுத்தண்டு எட்டிப்பார்க்கிறது. அதை விட்டுவைத்திருக்கிறேன்.